புலம்பல் முனை

கலிஃபோர்னியாவைப் பற்றி ஆங்கிலேயர்கள் எழுதிவைத்தவற்றில் ஆகப் பழையது ஒரு புகார். 1579 ஜூன் மாதம் ஃபிரான்சிஸ் டிரேக் தன் கப்பலை ஒரு விரிகுடாவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். கூடவே வந்த பாதிரியார் ஃபிளெட்சர் எழுதிவைத்ததன் சாரம் இதுதான்: கோடைகாலத்தில் இப்படியா குளிரும், இந்தப் பனி ஏன் இப்படி நாறுகிறது, பதினாலு நாளாகச் சூரியனையும் காணோம், நட்சத்திரத்தையும் காணோம். ஒரு புதிய உலகத்தைக் கண்ணாரப் பார்க்கும் பேறு பெற்றவர் எழுதிய எழுத்து இது. பிழைப்புக்காக வெளியூர் போய், முதல் வாரமே வீட்டுக்குக் கடிதம் போடும் பையன்கூட இன்னும் கொஞ்சம் பக்குவமாக எழுதுவான்.

அந்த விரிகுடாவுக்கு மேற்கே, கடலுக்குள் பத்து மைல் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தின் நுனியில், செங்குத்துப் பாறையில் தொற்றிக்கொண்டிருக்கிறது பாயிண்ட் ரேயஸ் கலங்கரை விளக்கம். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே, வளைந்து வளைந்து போகும் சாலையில் ரெண்டு மணி நேரம். பசிபிக் கரையிலேயே காற்று அதிகமான இடம் இதுதான், வட அமெரிக்காவிலேயே மூடுபனியில் இரண்டாவது இடம் என்று பூங்கா நிர்வாகம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. முதலிடத்தைக்கூடப் பிடிக்க முடியவில்லையே.

இந்த முனையின் நாலரை நூற்றாண்டுக் கதையில் வீரம் உண்டு, தியாகம் உண்டு, அதையெல்லாம் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் கதை நெடுக அறுபடாமல் ஓடிவருவது புலம்பல்தான். இங்கே வந்த ஒருத்தர்கூட நிம்மதியாக இருந்ததாகத் தெரியவில்லை.

டிரேக் விஷயத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் அவர் மாவீரர், உலகைச் சுற்றிவந்த முதல் ஆங்கிலக் கப்பல் தலைவர். ஸ்பெயினில் அவர் கொள்ளைக்காரர். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். கப்பல் நிறைய ஸ்பானியர்களிடம் பறித்த வெள்ளி, கப்பலோ ஒழுகிக்கொண்டிருந்தது. பின்னால் ஸ்பானியர்கள் துரத்திவருவார்கள் என்ற பயம் வேறு. ஆகவே கப்பலைக் கரையேற்றிச் சாய்த்துப் போட்டு, அடிப்பாகத்தைச் சுரண்டி, ஓட்டைகளை அடைத்துக்கொண்டு ஐந்து வாரம் உட்கார்ந்திருந்தார்.

அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். கடற்கரை மிவோக் மக்கள், ஆயிரக்கணக்கான வருடங்களாக. வந்திறங்கிய வெள்ளைக்காரர்களைப் பார்த்ததும் பெண்கள் ஓலமிட்டு அழுது கன்னத்தைப் பிறாண்டிக்கொண்டார்கள். நம்மைத் தெய்வமென்று நினைத்துவிட்டார்கள் என்று ஆங்கிலேயர்கள் முடிவுகட்டினார்கள். அது இழவு வீட்டுச் சடங்கு, செத்துப்போன ஆவிகள் திரும்பி வந்துவிட்டன என்று அவர்கள் நினைத்திருக்கலாம் என்று பிற்கால மானுடவியலாளர்கள் சொல்கிறார்கள். பாதிரியாரின் பனி படிந்த முகத்தை நினைத்துப் பார்த்தால் அந்தச் சந்தேகம் நியாயமானது. பிறகு ஒருநாள் தலைவர் வந்து டிரேக் தலையில் இறகுக் கிரீடம் ஒன்றை வைத்தார். வந்த விருந்தாளிக்குச் செய்த மரியாதையா, ஆவியைச் சாந்தப்படுத்தும் முயற்சியா, யாருக்கும் தெரியாது. டிரேக்குக்கு மட்டும் சந்தேகமே வரவில்லை. ராஜ்யத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்! உடனே அந்த இடத்துக்கு 'நோவா ஆல்பியன்' என்று பெயர் சூட்டி, எலிசபெத் ராணியின் பேரில் பட்டா போட்டு, ஒரு பித்தளைத் தகட்டில் எழுதி, கம்பத்தில் ஆணியடித்தார். சாட்சிக்கு ராணி முகம் பொறித்த ஆறு பென்னி நாணயம் ஒன்றும் அதில் பதித்தார். ஒரு கண்டத்தின் விலை ஆறு பென்னி. அதிலும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் ஒரே ஒரு தரப்பு.

இந்தத் தகடு என்ன ஆனது என்று கேட்டால்தான் கதை சூடு பிடிக்கிறது.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஹெர்பர்ட் போல்டன் என்று ஒரு பேராசிரியர். வரலாற்றுத் துறையில் பெரிய தலை. ஒவ்வொரு வருடமும் மாணவர்களிடம், 'எங்கேயாவது டிரேக்கின் பித்தளைத் தகடு கண்ணில் பட்டால் விடாதீர்கள்' என்று சொல்லிவிடுவார். எத்தனையோ வருடம் சொன்னார். இப்படி ஒரு மனிதர் ஏங்கிக்கொண்டிருந்தால் நண்பர்கள் என்ன செய்வார்கள்? போல்டன் அங்கம் வகித்த ஒரு சங்கம் இருந்தது, 'ஈ கிளாம்பஸ் வைட்டஸ்' என்று லத்தீன் மாதிரி ஒலிக்கிற, ஆனால் எந்த மொழியிலும் அர்த்தமில்லாத பெயர். தங்க வேட்டைக்காலத்துச் சுரங்கத் தொழிலாளிகள் மரபில், குடிப்பதையும் கேலி செய்வதையும் கொள்கையாக வைத்துக்கொண்டு, அவ்வப்போது வரலாற்று ஆராய்ச்சியும் செய்யும் சங்கம். அதன் ஆட்கள் சிலர் ஒரு பித்தளைத் துண்டை வாங்கினார்கள், வெட்டினார்கள், உளியால் எழுத்து வெட்டினார்கள், நாணயத்துக்கு ஓட்டை போட்டார்கள், பேராசிரியர் காலில் இடறட்டும் என்று போட்டுவிட்டார்கள்.

பேராசிரியர் காலில் அது இடறவில்லை. 1936இல் ஒரு கடைச் சிப்பந்தி காரை நிறுத்திவிட்டு மலையேறியபோது கிடைத்தது. அவர் அதை வரலாற்றுப் பொக்கிஷம் என்று எடுக்கவில்லை, காரின் ஓட்டையை அடைக்க உதவும் என்று எடுத்தார். இந்த மொத்தக் கதையிலும் அந்தத் தகட்டின் உண்மையான மதிப்பைச் சரியாகக் கணித்தவர் அவர் ஒருவர்தான். பிறகு யாரோ சொல்ல, போல்டனிடம் போனது. போல்டன் பார்த்தார், மயங்கினார், அறிவித்தார். 3,500 டாலர் திரட்டி வாங்கினார்கள். விஞ்ஞானிகளை வைத்துச் சோதித்தார்கள், அசல் என்று சான்றிதழும் வந்தது. பாடப்புத்தகத்தில் ஏறியது.

வேடிக்கை செய்தவர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. விளையாட்டு இவ்வளவு தூரம் போகும் என்று யார் கண்டார்கள். நேராகப் போய்ச் சொல்லத் தைரியமில்லை, ஆகவே ஜாடைமாடையாகச் சொல்லிப்பார்த்தார்கள், தகட்டைக் கிண்டல் செய்து புத்தகம் போட்டார்கள். தகட்டின் பின்பக்கத்தில் ஒளிரும் பெயிண்டால் தங்கள் சங்கத்தின் மூன்று எழுத்தையும் எழுதித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் நம்பிக்கைக்கு ஏது கண்? போல்டன் கடைசிவரை நம்பியே 1953இல் கண்ணை மூடினார். 1977இல் நவீன சோதனைகள், தகடு நவீன காலத்துப் பித்தளை என்று போட்டு உடைத்தன. செய்தது யார் என்ற முழு விவரம் 2003இல்தான் வெளியானது. நாற்பது வருடம் ஒரு மாநிலத்தின் பிறப்புச் சான்றிதழாக இருந்தது, குடிகாரச் சங்கத்தின் குறும்பு.

டிரேக்குக்குப் பிறகு வந்த ஸ்பானியர்களை விரைவாகக் கடந்துவிடலாம், அவர்களே விரைவாகத்தான் கடந்தார்கள். 1595 நவம்பரில் செர்மேனியோ என்பவர் மணிலாவிலிருந்து பட்டும் சீனப் பீங்கானும் ஏற்றிய 'சான் அகுஸ்தின்' கப்பலோடு இதே விரிகுடாவுக்கு வந்தார். புது நிலம் ஆராய்வதற்கென்று கரையில் இறங்கி நின்றபோது புயல் வந்து, கப்பல் அவர் கண் முன்னாலேயே உடைந்தது. சரக்கோடு நிறைந்த கப்பலை ஆராய்ச்சிக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதுதான் அவர் செய்த ஆராய்ச்சியின் முடிவு. மிச்சம் இருந்த சின்னப் படகில் ஆட்களை அடைத்துக்கொண்டு, ஓக் மரக்கொட்டைகளைத் தின்றபடி மெக்சிகோவரை போய்ச் சேர்ந்தார். போனதும் மேலிடத்தில் கேட்ட முதல் கேள்வி, சரக்கு எங்கே என்பதாகத்தான் இருந்திருக்கும். பீங்கான் சில்லுகள் இன்றும் அந்த மணலில் கிடைக்கின்றன. மிவோக் குடியிருப்புகளைத் தோண்டினால் மிங் காலத்து நீலப் பூ போட்ட தட்டுத் துண்டுகள் வருகின்றன. அந்தக் கப்பலால் லாபம் பார்த்தவர்கள் அவர்கள் மட்டுமே.

1603 ஜனவரி 6, மூன்று அரசர்கள் திருநாளன்று விஸ்காயினோ என்ற இன்னொரு ஸ்பானியர் அந்த வழியாகப் போனார். நாட்காட்டியைப் பார்த்தார், அரசர்கள் ('ரேயஸ்') முனை என்று பெயர் வைத்தார், போய்க்கொண்டே இருந்தார். இறங்கவில்லை. நான் படித்தவரையில் இந்த முனையோடு சம்பந்தப்பட்டவர்களில் புத்திசாலி அவர்தான்.

பிறகு 1849. தங்கம் என்றார்கள், உலகமே சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கப்பலேறியது. வழியில் பத்து மைல் நீட்டிக்கொண்டிருக்கும் இந்தப் பாறை, மேலே எப்போதும் பனி. கப்பல்கள் வரிசையாக மோதின. 1850களிலேயே அரசாங்கம், இங்கே ஒரு விளக்கு வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டது. விளக்கு எரிந்தது 1870 டிசம்பர் 1. நடுவில் என்ன நடந்தது என்றால், வக்கீல்கள் நடந்தார்கள்.

ஷாஃப்டர் சகோதரர்கள் வெர்மான்ட் மாநிலத்திலிருந்து வந்த வக்கீல்கள். பாயிண்ட் ரேயஸ் நிலம் யாருக்குச் சொந்தம் என்று பெரிய தகராறு, அதில் ஒரு தரப்புக்கு வாதாட வந்தார்கள். வழக்கு முடிந்தபோது நிலம் வக்கீல்களுக்குச் சொந்தம். நம் ஊரில் பூனைகளுக்குக் குரங்கு அப்பம் பங்கிட்ட கதையை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. இவ்வளவு நிலத்தை என்ன செய்வது? மாடு வளர்த்தார்கள். பண்ணைகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். பெயர் வைக்கிற அளவுக்கு அவர்களுக்கு நேரமில்லை, ஏ பண்ணை, பி பண்ணை, சி பண்ணை என்று இசட் வரைக்கும் ஆங்கில அரிச்சுவடியை இறக்கிவிட்டார்கள். போகிற வழியில் அந்தப் பலகைகளை இன்னும் பார்க்கலாம், சாலை முடிய முடிய எழுத்து குறைந்துகொண்டே வந்து, விளக்குக்குப் பக்கத்தில் ஏ பண்ணை வரும். அங்கே கடைந்த வெண்ணெய் சான் ஃபிரான்சிஸ்கோவில் அவ்வளவு பிரபலம், 'பி.ஆர்.' முத்திரை போட்டு விற்றார்கள். முத்திரையைத் திருடி மட்ட வெண்ணெயில் குத்தி விற்கவும் ஆட்கள் கிளம்பினார்கள். தகடு, வெண்ணெய் என்று பேதம் பார்க்காமல் இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு போலி உண்டு.

விளக்குக்கு அரசாங்கம் கேட்ட துண்டு நிலத்துக்கு உரிமையாளர்கள் சொன்ன விலை, அரசாங்கத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. ஏறத்தாழ பதினைந்து வருடம் பேரம். அந்தப் பக்கம் இவர்கள் பேரம் பேச, இந்தப் பக்கம் கப்பல்கள் மோத, யாரும் அவசரப்படவில்லை. கரையில் இருப்பவனுக்கு மோதுகிற கப்பல் எப்போதும் அடுத்தவனுடையதுதானே.

தாமதம் இதற்கு மட்டும் நேர்ந்ததில்லை. அதற்கு முன்னால் முப்பது வருடம் அமெரிக்கக் கலங்கரை விளக்கங்கள் அத்தனையும் ஸ்டீஃபன் பிளஸன்ட்டன் என்ற கணக்குத் தணிக்கையாளர் கையில் இருந்தன. பிரான்சில் ஒகுஸ்தேன் ஃபிரெனெல் 1820களிலேயே ஒரு புரட்சி செய்துவிட்டிருந்தார். கண்ணாடிப் பட்டகங்களை வளையம் வளையமாக அடுக்கி, ஒரு சின்ன எண்ணெய்ச் சுடரின் வெளிச்சம் வீணாகாமல் திரட்டி ஒரே திசையில் வீசச் செய்யும் லென்ஸ். பிளஸன்ட்டன் அதைப் பார்த்தார், விலையைப் பார்த்தார், வேண்டாம் என்றார். மலிவான விளக்கே போதும். வருடக் கடைசியில் மிச்சம் பிடித்த காசைக் கணக்குக் காட்டினார், மூழ்கிய கப்பல்கள் அவர் பேரேட்டில் வராது. 1852இல் அவர் கையிலிருந்து பிடுங்கி ஒரு வாரியத்திடம் ஒப்படைத்த பிறகுதான் நல்ல லென்ஸ்கள் அமெரிக்கக் கரைக்கு வந்தன.

பாயிண்ட் ரேயஸின் லென்ஸ் 1867இல் பாரிசில் செய்தது, முதல் தரம். தென் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு கப்பலில் சான் ஃபிரான்சிஸ்கோ வந்தது, இன்னொரு கப்பலில் மாறி டிரேக் விரிகுடா வந்தது, அங்கிருந்து மாட்டுவண்டியில் மூன்று மைல் மேடேறி அறுநூறு அடி உயரத்துக்கு வந்தது. வண்டிக்காரர் மூச்சு வாங்கி, இதோ உச்சி, இறக்கட்டுமா என்று கேட்டிருப்பார். இல்லையப்பா, இப்போது முந்நூறு அடி கீழே இறக்க வேண்டும் என்றார்கள்.

காரணம் பைத்தியக்காரத்தனம் இல்லை. பனி இங்கே பெரும்பாலும் மேல்மட்டத்தில் கூரை போட்டு நிற்கும். உச்சியில் விளக்கு வைத்தால் அது பனிக்கு வெளிச்சம் காட்டும், கப்பலுக்குக் காட்டாது. தென்னாப்பிரிக்காவில் கேப் பாயிண்ட்டில் அந்தத் தப்பைச் செய்துவிட்டு, 1911இல் 'லூசிடேனியா' என்ற போர்ச்சுகீசியக் கப்பல் பாறையில் ஏறிய பிறகு கீழே வேறு விளக்கு கட்டினார்கள். இவர்கள் அதைக் கட்டுவதற்கு முன்பே யோசித்திருந்தார்கள், பாராட்டத்தான் வேண்டும். பாறையை வெடிவைத்துத் தட்டையாக்கி, சாமான்களைக் கயிறு கட்டி இறக்கி, ஆறு வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். பதினைந்து வருடப் பேரம், ஆறு வாரக் கட்டுமானம்.

அந்த முந்நூறு அடிதான் இன்றைக்கு முந்நூற்றுச் சொச்சம் படிக்கட்டாக நம் முன்னால் இறங்குகிறது. முப்பது மாடிக் கட்டடத்துக்குச் சமம் என்று மேலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள், மூச்சிரைப்பு உள்ளவர்கள் யோசிக்கவும் என்ற தொனியில். காற்று நாற்பது மைல் வேகத்தைத் தாண்டினால் படியை மூடிவிடுவார்கள். நாங்கள் போன அன்று தாண்டவில்லை, தொட்டுக்கொண்டிருந்தது. என் மச்சான் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மாமா, பழனிக்கே விஞ்ச் விட்டாச்சு. நிலாவுக்கு ஆள் அனுப்பின ஊரு, இங்க ஒரு விஞ்ச் விடக் கூடாதா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் காற்று உள்ளே போய்த் திரும்பி வர மறுத்தது. அந்தப் படிகளில் ஏறி வந்துகொண்டிருந்தவர்கள் யாரும் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நாங்கள் இன்னும் அறியாதது ஒன்றை அறிந்தவர்கள் முகம் அது.

கீழே போனால் ஏமாற்றம். கோபுரம் முப்பத்தேழு அடிதான். கலங்கரை விளக்கம் என்றால் நெட்டையாக நிற்கும் என்று நினைத்துப் போனவர்களுக்கு, பதினாறு பக்கமுள்ள இரும்பில் ஒரு குட்டை. பாறையே உயரமாக இருக்கும்போது கோபுரத்துக்கு எதற்குச் செலவு? ஆனால் உள்ளே நுழைந்து லென்ஸைப் பார்த்தால் மூடிய வாய் தானாகத் திறக்கும். ஆளைவிட உயரம், பித்தளைச் சட்டத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டகங்கள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் வானவில் ஒழுகுகிறது. இருபத்துநாலு பலகங்கள். மொத்த லென்ஸும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிவரும், ஆகவே கடலில் இருப்பவனுக்கு ஐந்து வினாடிக்கு ஒரு மின்னல். சுற்றவைத்தது மின்சாரம் இல்லை, நூற்றெழுபது பவுண்டு எடைக்கல். கயிற்றில் தொங்கி மெல்ல மெல்ல இறங்கும், அந்த இழுப்பில் பற்சக்கரங்கள் சுழலும். இறங்கி முடிய இரண்டு மணி இருபது நிமிடம். முடிந்ததும் கையால் சாவி சுற்றி மறுபடி மேலே ஏற்ற வேண்டும். ராத்திரி முழுக்க.

அந்தப் பற்சக்கரப் பெட்டியின் கைப்பிடியை நான் பார்த்தேன். எத்தனையோ வருடக் கைகள் பட்டுப் பித்தளை மழமழவென்று இருந்தது. ஒரு ராத்திரிக்கு எத்தனை முறை, ஒரு வருடத்துக்கு எத்தனை முறை என்று கணக்குப் போட ஆரம்பித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அங்கே வேலை பார்த்தவர்களும் அப்படி ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் குடிக்கப் போயிருப்பார்கள்.

ஆம், குடித்தார்கள். தலைமைக் காவலர் ஒருவர், அவருக்கு உதவியாட்கள் மூன்று பேர், குடும்பங்கள். வீடு உச்சியில், விளக்கு கீழே, மூடுபனிச் சங்கு அதற்கும் கீழே. சூரியன் அடங்குவதற்கு அரை மணி முன்பு ஒருவர் இறங்குவார். திரி கத்தரிப்பார், எண்ணெய் ஊற்றுவார், சாவி கொடுப்பார். காலையில் புகை படிந்த அத்தனை கண்ணாடியையும் துடைத்து, வெயில் லென்ஸில் பட்டு எதிலாவது தீப்பிடித்துவிடாமல் திரை போட்டுவிட்டு ஏறுவார். பனி வந்தால் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப்போட்டு நீராவிச் சங்கை ஊதவைக்க வேண்டும். பனி சில சமயம் நாள் கணக்கில் போகாது, சங்கும் நிற்காது, அந்தச் சத்தத்தில்தான் சோறு, அந்தச் சத்தத்தில்தான் தூக்கம். காற்று வேறு, மணிக்கு நூற்றுமுப்பத்துமூன்று மைல்வரை அடித்துப் பதிவாகியிருக்கிறது. நடக்க முடியாமல் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்தே மேட்டில் ஏறியிருக்கிறார்கள். அரசாங்க உத்தியோகம், உடுப்பு உண்டு, தொப்பி உண்டு. தவழ்கிறபோது தொப்பி நின்றிருக்காது.

அரசாங்கம் ஒரு நோட்டும் கொடுத்தது, தினம் நடந்ததை எழுத. காற்றின் திசை, எண்ணெய் அளவு எழுதுவதற்கு. அவர்கள் மனதை எழுதிவிட்டார்கள். 1885இல் ஒரு தலைமைக் காவலர், ஆங்கிலக் கவிஞர் கூப்பரின் வரிகளை எடுத்துப் பதிவேட்டில் எழுதிவைத்தார். தீவில் ஒற்றையாகத் தள்ளப்பட்ட மாலுமி ஒருவன் தனிமையைத் திட்டுவதாக எழுதப்பட்ட கவிதை அது. மேலதிகாரி படித்துவிட்டு என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று கேட்டிருப்பார்.

1887இல் ஒரு சான் ஃபிரான்சிஸ்கோ பத்திரிகை இங்கத்தைய உல்லாசக் காவலர் ஒருவரைப் பற்றி எழுதியது. கண்ணாடி துடைக்க அரசாங்கம் கொடுத்த சாராயம் தொண்டை துடைக்கப் போகிறது என்று பேர் வாங்கியவர். ஊருக்குச் சாமான் வாங்கப் போனால், திரும்பும் வழியில் சாலையோரம் நினைவில்லாமல் கிடப்பார், வண்டியோடு பூட்டிய குதிரை சாவகாசமாகப் புல் மேய்ந்துகொண்டிருக்கும். அந்தக் குதிரை இந்த வேலையில் இருந்த ஊழியர்களிலேயே நிதானமானது என்று நினைக்கிறேன்.

1889 ஜனவரி 30ஆம் தேதிப் பதிவு இன்னும் சுருக்கம். இரண்டாவது உதவியாளருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, ஒலீமா ஊர் கான்ஸ்டபிளிடம் ஒப்படைத்தாயிற்று. அவ்வளவுதான். ஏன், எப்படி, என்ன செய்தார், ஒன்றும் கிடையாது. ஒலீமா இருபது மைலுக்கு மேல், வண்டிப் பாதை. அவரை ஏற்றிக்கொண்டு போனவர் வழி நெடுக என்ன பேசியிருப்பார், இவர் என்ன பதில் சொல்லியிருப்பார்? ஒருவேளை நகரத்தின் பக்கம் போகப் போக இவர்தான் தெளிந்து சிரித்துக்கொண்டு வந்தாரோ, கொண்டுபோய் விட்டவர் திரும்பித் தனியாக வர வேண்டும் என்று நினைத்து அழுதாரோ.

இவ்வளவு புலம்பியவர்களுக்கு, ஒரு காலையில் மட்டும் புலம்ப நேரமில்லாமல் போனது. 1906 ஏப்ரல் 18, காலை 5:12. சான் ஃபிரான்சிஸ்கோவை நாசமாக்கிய பூகம்பம். பாயிண்ட் ரேயஸ் தீபகற்பம் மொத்தமும், விளக்கு, மாடு, வெண்ணெய் சகிதம், ஒரு நிமிடத்துக்குள் பதினெட்டு அடி வடக்கே நகர்ந்தது. சான் ஆண்ட்ரியாஸ் பிளவுக்கு அந்தப் பக்கத்தில் இருப்பது இந்த நிலம், பிளவுக்கு இந்தப் பக்கம் அமெரிக்கா. எத்தனையோ லட்சம் வருடமாக வடக்கே நகர்ந்துகொண்டே வந்த துண்டு. பாயிண்ட் ரேயஸ் ஸ்டேஷனில் காலை ரயில் புரண்டு விழுந்தது. இங்கே லென்ஸ் தண்டவாளத்திலிருந்து நழுவியது, ஆனால் உடையவில்லை. காவலர்கள் பகலோடு பகலாகச் சரிசெய்து மாலையில் விளக்கேற்றிவிட்டார்கள். அதுவும் எப்படி? விளக்கை அணைக்க வேண்டிய நேரம் எப்படியும் காலை 5:25தான். ஆகவே அமெரிக்க வரலாற்றின் மாபெரும் பூகம்பங்களில் ஒன்றால் பாயிண்ட் ரேயஸ் விளக்கு பணி செய்யாமல் இருந்தது மொத்தம் பதிமூன்று நிமிடம். எந்த அரசு அலுவலகத்திலும் இதைவிட நீளமாகத் தேநீர் குடிப்பார்கள்.

பூகம்பத்தோடு ஒரு மாடும் வரலாற்றில் ஏறியது. ஒலீமாவில், அதே ஷாஃப்டர் வம்சத்துப் பண்ணையில், நிலம் பிளந்தபோது ஒரு பசு உள்ளே விழுந்து பிளவு மூடிக்கொண்டதாம், வால் மட்டும் வெளியே தெரிந்ததாம். ஜி.கே. கில்பர்ட், அந்தக் காலத்தின் பெரிய புவியியலாளர், நேரில் போய் விசாரித்து, நம்பி, அறிக்கையிலும் சேர்த்தார். பிற்பாடு கிளம்பிய பேச்சு வேறு. மாடு முந்தின நாளே செத்துப்போயிருந்ததாம். குழி வெட்ட வேண்டிய வேலையைப் பூகம்பம் மிச்சப்படுத்தியதால் அதில் தள்ளிவிட்டார்களாம், கேட்க வந்த நிருபர்களுக்கு நல்ல கதையாக ஒன்றைச் சொல்லிவிட்டார்களாம். எது உண்மை என்று எனக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இந்த ஊர்க்காரர்களின் முந்தைய சரித்திரத்தைப் பார்க்கும்போது நான் மாட்டின் பக்கம்.

மின்சாரம் வந்தது, சாவி கொடுக்கும் வேலை போனது. 1975இல் கடலோரக் காவல்படை தானியங்கி விளக்கு ஒன்றை வைத்துவிட்டு, லென்ஸுக்கு ஓய்வு கொடுத்துப் பூங்காத் துறையிடம் ஒப்படைத்தது. நாலு வருடத்தில் ஜான் கார்பென்டர் 'தி ஃபாக்' என்று ஒரு பேய்ப்படம் எடுக்க இங்கே வந்தார். பனிக்குள்ளிருந்து செத்த மாலுமிகள் பழிவாங்க வரும் கதை, கலங்கரை விளக்கம்தான் அதில் ரேடியோ நிலையம். நானூறு வருடமாக இந்த இடத்தில் நடந்ததைத் தெரிந்தவர்களுக்கு, இதில் கற்பனை எவ்வளவு, ஆவணப்படம் எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம்.

1981இல் யானைக் கடல்நாய்கள் வந்தன. வேட்டையாடி ஏறத்தாழ அழித்துவிட்ட உயிர், மெக்சிகோ பக்கம் கொஞ்சம் பிழைத்து, பெருகி, மறுபடி இந்தக் கரைகளைத் தேடிப் பிடித்தது. ஆண்கள் இரண்டு டன்னுக்கு மேல் எடை, தொங்கும் மூக்கு. நாள் முழுக்க மணலில் கிடந்து உறுமுவதைத் தவிர வேறு லட்சியமில்லாதவை. 2018 டிசம்பரில் அமெரிக்க அரசாங்கம் பட்ஜெட் சண்டையில் கடையை மூடியது. பூங்கா ஊழியர்கள் வீட்டுக்குப் போனார்கள். அடுத்த மாதப் புயலில் தங்கள் வழக்கமான மணல்திட்டை இழந்த கடல்நாய்கள், அருகேயிருந்த டிரேக் கடற்கரை வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்து உள்ளே வந்தன. வேலியைத் தள்ளிக்கொண்டு வாகன நிறுத்தம்வரை ஏறின, பாதையில் படுத்தன, குட்டி போட்டன. ஊழியர்கள் ஜனவரியில் திரும்பி வந்தபோது டஜன் கணக்கான தாய்மார்களும் அவர்களின் குட்டிகளும் குடியிருந்தார்கள். விரட்ட முடியாது, சட்டப்பாதுகாப்பு உள்ளவை. பூங்காக்காரர்கள் வேறு வழியின்றி வழிகாட்டிகளை நிறுத்தி, சனி ஞாயிறு பொதுமக்கள் வந்து பார்க்க ஏற்பாடு செய்தார்கள்.

டிரேக் தன் கப்பலைச் சாய்த்துப் போட்டதாக நம்பப்படும் இடம் அந்தக் கரைக்குப் பக்கத்தில்தான். இவை தகடு அடிக்கவில்லை, நிலத்தைப் பேரம் பேசவில்லை, பதிவேட்டில் கவிதையும் எழுதவில்லை. வெறுமனே படுத்தன. பிறகு மார்ச், ஏப்ரலில் குட்டிகள் தேறியதும் கடலுக்குள் இறங்கிப் போய்விட்டன, அடுத்த டிசம்பரில் மறுபடி வந்தன.